பெயர் அதே, குணம் வேறு: லைப்ரரியைப் புதுப்பிக்கும் முன் ஒரு 555 நோட்டு

2019 கடைசியில், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைக் குத்தகைக்காரருக்கு நான் எழுதிக் கொடுத்திருந்த கூலிக் கணக்கு நிரலை, பைத்தான் என்ற நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பிலிருந்து பைத்தான் 3-க்கு மாற்றினேன். 2020 ஜனவரி 1-ஓடு பைத்தான் 2-க்கான ஆதரவு நிற்கப் போகிறது என்ற அவசரம். மாற்றிய பிறகு எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. நிரல் ஓடியது, சம்பளச் சீட்டு அச்சானது, நானும் தே தாரிக் குடிக்கப் போய்விட்டேன்.

சம்பளம் போட்ட மறுநாள், உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அக்கா கையில் 555 நோட்டோடு வந்து நின்றார். மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அந்தச் சின்ன நோட்டு. அதில் அவர் தினமும் தன் மூட்டை எடையைக் குறித்து வைப்பார்.

"தம்பி, நான் பன்னெண்டரைன்னு எழுதியிருக்கேன். எப்பவும் பதிமூணா போடுவீங்க. இப்ப பன்னெண்டுதான் வந்திருக்கு. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பதிமூணரை, அவளுக்கு மட்டும் பதினாலு. இது என்ன கணக்குலா?"

கணக்கு இதுதான். அந்தத் தராசு எடையை அரை அரைக் கிலோவாகக் காட்டும். சீட்டில் முழுக் கிலோவாக எழுத நான் பயன்படுத்தியது பைத்தானில் உள்ள ரவுண்ட் என்ற ஃபங்ஷன், அதாவது ஓர் எண்ணைக் கொடுத்தால் விடையைத் திருப்பித் தரும் ஒரு சின்ன நிரல் துண்டு. பைத்தான் 2-இல் அது சரிபாதியை மேலே ஏற்றும்: 12.5 என்றால் 13, 13.5 என்றால் 14. பைத்தான் 3-இல் சரிபாதி வந்தால் பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும்: 12.5 என்றால் 12, 13.5 என்றால் 14. ஃபங்ஷனின் பெயர் மாறவில்லை. அதற்குக் கொடுக்கும் எண் மாறவில்லை. குணம் மட்டும் மாறிவிட்டது. ஒருவருக்கு ஒரு கிலோ குறைந்தது, அடுத்தவருக்குக் குறையவில்லை. மொத்தத் தொகையைப் பார்த்தவர் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்த மாற்றத்தை யாரும் ஒளித்து வைக்கவில்லை. பைத்தான் 3.0 வெளிவந்த 2008-ஆம் ஆண்டிலேயே, என்னென்ன புதிது என்ற பக்கத்தில் எழுதிவிட்டார்கள். புள்ளியியல் கண்ணால் பார்த்தால் புதிய முறைதான் நியாயமானதுகூட. ஆனால் அந்த அக்காவுக்கும் குத்தகைக்காரருக்கும் இருந்த பேச்சு "அரை வந்தால் மேலே" என்பது. அதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை, அவர் எழுதி வைத்திருந்தார்.

சனிக்கிழமைகளில் என்னிடம் நிரல் எழுதப் பழக வரும் தம்பி தங்கைகளுக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். லைப்ரரி என்றால் வேறொருவர் எழுதி வைத்து, நாம் எடுத்துப் பயன்படுத்தும் ஃபங்ஷன்களின் தொகுப்பு. நீங்கள் முதல்முறை ஒரு லைப்ரரியைப் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு படியுங்கள். உதாரணங்கள் பெரும்பாலும் பைத்தானில் வரும், வழிமுறை எந்த மொழிக்கும் பொருந்தும்.

முதலில், எதைத் தேடுகிறோம்?

ஒரு ஃபங்ஷனை நீக்கிவிட்டார்கள், பெயரை மாற்றிவிட்டார்கள், கூடுதலாக ஓர் உள்ளீடு கேட்கிறார்கள் என்றால் நிரல் உடனே முறைத்துக்கொண்டு நிற்கும். அது நல்ல வகை. அதைக் கண்டுபிடிக்கக் கருவிகளும் உண்டு: ஜாவாவுக்கு ரெவாபி, பைத்தானுக்கு கிரிஃப், சி மொழிக்கு அபிடிஃப். இரண்டு பதிப்புகளின் வெளித்தோற்றத்தை ஒப்பிட்டு எது போனது, எது வந்தது என்று பட்டியல் போட்டுத் தரும். ஓட்டிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. ஆனால் என் ரவுண்ட் கதையை இந்தக் கருவிகளில் எதுவும் பிடித்திருக்காது. வாசற்கதவை மட்டும் பார்ப்பவருக்கு வீட்டுக்குள் அடுப்படி இடம் மாறியது எப்படித் தெரியும்?

குணம் மாறுவது பல விதம். திரும்பி வரும் மதிப்பு மாறலாம். மதிப்பு அதே இருந்து அதன் வகை மாறலாம்: ரவுண்ட் விஷயத்திலேயே, முன்பு 13.0 என்று தசமமாக வந்தது இப்போது வெறும் முழு எண்ணாக வருகிறது. முன்பு அமைதியாக இருந்த இடத்தில் பிழை எழலாம். 2011-இல் வந்த ஜாவா 7, வரிசைப்படுத்தும் உள்முறையை மாற்றியது. தப்பான ஒப்பீட்டு விதியைக் கொடுத்து வருடக்கணக்கில் ஓட்டிய நிரல்கள், "ஒப்பீட்டு முறை ஒப்பந்தத்தை மீறுகிறது" என்ற பிழையோடு விழுந்தன. தவறு அந்த நிரல்களில்தான். ஆனாலும் விழுந்தது விழுந்ததுதான்.

கண்ணுக்கே தெரியாத மாற்றமும் உண்டு. 2023 மார்ச்சில் வந்த ஜாவா 20, ஆங்கில நேர வடிவத்தில் மணிக்கும் ஏஎம், பிஎம் எழுத்துகளுக்கும் நடுவே சாதாரண இடைவெளிக்குப் பதில் குறுகிய உடையா இடைவெளி என்ற வேறோர் எழுத்தை வைத்தது. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. சாதாரண இடைவெளியை எதிர்பார்த்து நேரத்தைப் படித்த நிரல்கள் மட்டும் திணறின.

படி 1: இப்போது இருப்பதைப் பூட்டுங்கள்

எந்தப் பதிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமல் ஒப்பிட முடியாது. பைத்தானில் பிப் ஃப்ரீஸ் என்ற கட்டளை எல்லா லைப்ரரியின் பதிப்பு எண்ணையும் பட்டியலிடும், அந்த வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியை ஓட்டும் நோட்.ஜேஎஸ் பயன்படுத்துபவர்களுக்கு பேக்கேஜ்-லாக் கோப்பு இருக்கும். அதை கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்க்காமல் விட்டிருந்தால் இன்றே சேருங்கள். பதிப்பு எண்ணுக்கு முன்னால் கூரை மாதிரி ஒரு குறி இருந்தால், "முதல் எண் மாறாதவரை எது வந்தாலும் சரி" என்று நீங்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். 1.4.2 கேட்ட இடத்தில் 1.9.0 வந்து உட்கார்ந்திருக்கும்.

நேரடியாக நீங்கள் கேட்காத லைப்ரரிகளும் அந்தப் பட்டியலில் இருக்கும். லைப்ரரியின் லைப்ரரி. அதுவும் பூட்டப்பட வேண்டும்.

படி 2: எங்கெல்லாம் தொடுகிறீர்கள் என்று எண்ணுங்கள்

ஒரு லைப்ரரியில் நூறு ஃபங்ஷன் இருந்தாலும் நீங்கள் பயன்படுத்துவது நாலோ ஐந்தோதான். நிரல் முழுவதிலும் அந்த லைப்ரரியின் பெயரைத் தேடி, எந்த ஃபங்ஷனை, எந்த மாதிரி உள்ளீட்டோடு, எத்தனை இடத்தில் அழைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். முடிந்தால் அந்த அழைப்புகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பு வழியாகப் போகும்படி மாற்றுங்கள். ஒரே வாசல் என்றால் காவல் எளிது. என் பழைய நிரலில் ரவுண்ட் பதினேழு இடத்தில் சிதறிக் கிடந்தது. இப்போது "கிலோவாக்கு" என்று நானே எழுதிய ஒரு ஃபங்ஷனுக்குள் மட்டும் இருக்கிறது.

படி 3: 555 நோட்டு எழுதுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

புதுப்பிக்கும் முன், பழைய பதிப்பில் இருக்கும்போதே, ஒவ்வோர் அழைப்புக்கும் உண்மையான உள்ளீடுகளைக் கொடுத்து என்ன வருகிறது என்று ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். சரியா தப்பா என்று பார்க்க வேண்டாம். அந்த அக்கா தராசு சரியா என்று ஆராயவில்லை, என்ன காட்டியதோ அதை எழுதினார். நீங்களும் அப்படியே. நிரலைத் தானே ஓட்டிச் சரிபார்க்கும் சின்ன நிரலுக்கு டெஸ்ட் என்று பெயர். "இப்படி இருக்க வேண்டும்" என்று சொல்லும் டெஸ்ட் வேறு, "இன்று இப்படித்தான் இருக்கிறது" என்று பதியும் டெஸ்ட் வேறு. நமக்கு இப்போது தேவை இரண்டாவது.

உள்ளீடுகளை எங்கிருந்து எடுப்பது? மூன்று மாதச் சம்பளக் கோப்பு இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. தொழிலாளர் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் அழித்துவிட்டு எண்களை மட்டும் எடுங்கள். அதோடு ஓரத்து உள்ளீடுகளையும் சேருங்கள்: சுழியம், கழித்தல் எண், காலியான பட்டியல், வெற்றுச் சொல், சரிபாதி, பிப்ரவரி 29, மலாய்ப் பெயரும் தமிழ்ப் பெயரும் கலந்த வரி, வழக்கத்துக்கு மிஞ்சிய நீளம்.

நீளத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. குரோமிலும் நோட்.ஜேஎஸ்ஸிலும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை ஓட்டும் வி8 இயந்திரம், 2018 வரை, பத்து உறுப்புகளுக்கு மேல் போன பட்டியலை வரிசைப்படுத்தும்போது சமமான உறுப்புகளின் முன்பின் வரிசையைக் காப்பாற்றாது. பத்து வரைக்கும் காப்பாற்றும். ஐந்து பெயரை வைத்து டெஸ்ட் எழுதியவர்களுக்கு எல்லாம் பச்சை விளக்கு. நிஜப் பெரட்டில் (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்) ஐம்பது பேர் வந்து நிற்கும்போதுதான் வரிசை குலையும். 7.0 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள், பிறகு மொழியின் விதியிலேயே சேர்ந்துவிட்டது. சின்ன மாதிரியை மட்டும் பதிவு செய்தால் இப்படிப்பட்ட குணம் நோட்டில் ஏறவே ஏறாது.

ஒவ்வொரு வரியிலும் இவற்றைப் பதியுங்கள்:

- வந்த மதிப்பு, அதன் வகையோடு. அச்சாகும் வடிவம் போதாது. பைத்தானில் மதிப்பை உள்ளபடி காட்டும் ரெப்ர் என்ற ஃபங்ஷன் வழியாக எழுதினால் மறைந்திருக்கும் இடைவெளி எழுத்தும் அகப்படும்.
- பிழை வந்தால் எந்த வகைப் பிழை என்பது.
- பட்டியலாக இருந்தால் அதன் வரிசை.
- நீங்கள் கொடுத்த உள்ளீடு அழைப்புக்குப் பிறகும் அப்படியே இருக்கிறதா, லைப்ரரி அதில் கை வைத்துவிட்டதா என்பது.

எடுத்த நேரத்தையும் தோராயமாகக் குறித்து வைக்கலாம். பத்து மடங்கு மெதுவாவதும் குணம் மாறுவதுதான். ஆனால் அதைக் கண்டிப்பான டெஸ்டாக வைக்காதீர்கள், கணினிக்குக் கணினி ஆடும்.

பதியும்போது இரண்டு தொல்லை வரும். இன்றைய தேதி, தற்செயல் எண் இவை கலந்திருந்தால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் விடை மாறும். தேதியை நிலையாக ஒன்று வைத்து, தற்செயல் எண்ணுக்கு ஒரே விதையை (தொடக்க எண்ணை) கொடுத்து ஓட்டுங்கள். பழைய பதிப்பிலேயே இருமுறை ஓட்டி, இரண்டு நோட்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே வேறுபாடு வந்தால் புதிய பதிப்போடு ஒப்பிட்டு என்ன பயன்?

படி 4: இரண்டு வீடு, ஒரே சமையல்

பழைய பதிப்புக்கு ஒரு தனிச் சூழல், புதியதற்கு ஒன்று. பைத்தானில் வென்வ் கட்டளையால் இரண்டு கோப்புறை உருவாக்கினால் போதும். ஒரே உள்ளீட்டுக் கோப்பை இரண்டிலும் ஓட்டி, வந்த இரண்டு நோட்டையும் டிஃப் போடுங்கள், அதாவது வரிக்கு வரி ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் கருவியில் கொடுங்கள். சிவப்பும் பச்சையுமாக வரும் வரிகள்தான் நீங்கள் தேடியவை.

ஒரு நேரத்தில் ஒரு லைப்ரரியை மட்டும் மாற்றுங்கள். ஐந்தைச் சேர்த்து மாற்றிவிட்டு எது குற்றவாளி என்று தேடிய இரவுகள் எனக்கு உண்டு. அது வேண்டாம்.

லைப்ரரி எழுதுபவர்களே இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். ரஸ்ட் மொழிக் குழுவிடம் கிரேட்டர் என்று ஒரு கருவி. புதிய கம்பைலரை (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி) வெளியிடும் முன், பொதுவில் கிடைக்கும் ரஸ்ட் நிரல்களைப் பழைய, புதிய இரண்டு பதிப்பிலும் கட்டிப் பார்த்து, டெஸ்டையும் ஓட்டிப் பார்க்கும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு தொகுப்பு சோதனைக் கிளைக்குள் நுழையும் முன், அதைச் சார்ந்திருக்கும் மற்ற தொகுப்புகளின் டெஸ்ட்களை ஓட்டுவார்கள். உங்கள் இரண்டு கோப்புறையும் அதே யோசனைதான், பட்ஜெட் மட்டும் வேறு.

படி 5: விதியையும் எழுதுங்கள்

நோட்டில் இல்லாத உள்ளீடு நாளைக்கு வரும். அதற்கு, எந்த விடைக்கும் பொருந்தவேண்டிய விதிகளைச் சொல்லி, உள்ளீடுகளைக் கணினியே உருவாக்கவிடலாம். பைத்தானில் ஹைப்பாதெசிஸ் என்ற லைப்ரரி இதைச் செய்கிறது.

நம் ஊரிலேயே அழகான உதாரணம் இருக்கிறது. 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள 5 சென்னுக்கு ஒட்டுகிறோம். 1, 2 என்று முடிந்தால் கீழே 0. 3, 4 என்றால் மேலே 5. 6, 7 என்றால் கீழே 5. 8, 9 என்றால் மேலே 10. இதை மூன்று விதியாகச் சொல்லலாம்: விடை 5-ஆல் வகுபடவேண்டும், அசலுக்கும் விடைக்கும் உள்ள தூரம் 2 சென்னுக்கு மேல் போகக்கூடாது, ஏற்கெனவே ஒட்டிய தொகையை மறுபடி ஒட்டினால் மாறக்கூடாது. ஆயிரம் தற்செயல் தொகையைக் கொடுத்து இந்த மூன்றையும் சரிபார்க்கச் சொன்னால் சில விநாடிகளில் முடிந்துவிடும். தொகையைச் சென் கணக்கில் முழு எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் தசமமாக வைத்துக் கணக்குப் போட்டால் வேறு கதை தொடங்கிவிடும்.

படி 6: மாற்றக் குறிப்பைப் படியுங்கள், சந்தேகத்தோடு

பதிப்பு எண்ணின் மூன்று இலக்கத்துக்கும் ஒரு மரபு உண்டு. முதல் எண் ஏறினால் பழையது உடையலாம், நடு எண் ஏறினால் புதிய வசதி, கடைசி எண் ஏறினால் பிழை திருத்தம் மட்டும். மரபு நல்லதுதான். ஆனால் அது எழுதியவரின் வாக்கு. உங்கள் நிரலைப் பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் மாற்றக் குறிப்பில் அதிகம் பயப்படவேண்டிய வரி "பிழை திருத்தப்பட்டது" என்பதுதான். அந்தப் பிழையின் மேல்தான் நீங்கள் வீடு கட்டியிருப்பீர்கள். "இயல்பு மதிப்பு", "இனிமேல்", "கண்டிப்பாக" என்ற சொற்கள் வரும் வரிகளையும் மெதுவாகப் படியுங்கள்.

கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட்டின் பெயரில் ஒரு விதி வழங்குகிறது: பயன்படுத்துபவர்கள் போதிய அளவு பெருகிவிட்டால், நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது ஒரு பொருட்டல்ல, வெளியே தெரியும் எந்தக் குணத்தையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார். இதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை மெம்காப்பி. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும் சி ஃபங்ஷன் அது. இரண்டு இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் அதைப் பயன்படுத்தாதே என்று விதி தெளிவாகச் சொல்கிறது. 2010-இல் கிலிப்சி (லினக்ஸில் சி மொழியின் அடிப்படை லைப்ரரி) அதை வேகமாக்கியபோது சில செயலிகளில் நகலெடுக்கும் திசை மாறியது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் பதிப்பில், இணையத்தில் வீடியோ பார்க்க உதவிய அடோபி ஃபிளாஷின் ஒலி கரகரத்தது, ஏனென்றால் ஃபிளாஷ் அந்த விதியை மீறியிருந்தது. விதிப்படி கிலிப்சி பக்கம் நியாயம். பயனர் காதில் விழுந்தது கரகரப்பு என்று, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தச் சண்டையில் பயனர் பக்கம் நின்றார். கடைசியில் பழைய நிரல்களுக்குப் பழைய குணமும் புதியவற்றுக்குப் புதிய குணமும் கிடைக்கும்படி பிரித்து வைத்தார்கள்.

கோ மொழிக்காரர்கள் எதிர்த்திசையில் யோசித்தார்கள். மேப் என்ற, பெயருக்கு ஒரு மதிப்பாகச் சேர்த்து வைக்கும் பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுக்கும்போது வரும் வரிசையை 2012-இல் வந்த முதல் பதிப்பிலேயே வேண்டுமென்றே கலைத்துவிட்டார்கள், யாரும் நம்பிவிடக் கூடாது என்று. கறாரான மனிதர்கள். நீங்கள் ஒருநாள் லைப்ரரி எழுதினால் நினைவில் வையுங்கள்.

படி 7: வேறுபாடு தெரிந்தது, இனி?

ஒவ்வொரு சிவப்பு வரிக்கும் ஒரு முடிவு எடுக்கவேண்டும். மொத்தமாக "புதியதையே ஏற்றுக்கொள்" என்று பொத்தானை அழுத்தினால் நோட்டு எழுதியதே வீண்.

புதிய குணம் உங்களுக்கும் சரி என்றால் நோட்டில் அந்த வரியைத் திருத்தி, ஏன் திருத்தினீர்கள் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். பழைய குணம்தான் வேண்டும் என்றால் அதை லைப்ரரியின் இயல்பில் விடாமல் நீங்களே வெளிப்படையாகக் கேளுங்கள். நான் கடைசியில் பைத்தானின் தசமக் கணக்குக்கான டெசிமல் தொகுதியை எடுத்து, "சரிபாதி மேலே" என்ற முறையைப் பெயர் சொல்லிக் கேட்டு எழுதினேன். இனி ரவுண்ட் எப்படி மாறினாலும் எனக்குக் கவலையில்லை. இரண்டும் முடியாதென்றால் பழைய பதிப்பிலேயே நில்லுங்கள், ஆனால் எதுவரை என்று தேதி போட்டு நில்லுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் பழைய பதிப்புக்கு நெடுநாள் வராது.

லைப்ரரியின் பக்கம்தான் தவறு என்று தோன்றினால், எந்த மாற்றத்தில் அது நுழைந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள். கிட் பைசெக்ட் என்ற கட்டளை நடுவில் வெட்டி வெட்டித் தேடும், ஆயிரம் மாற்றம் இருந்தாலும் பத்து முறை ஓட்டினால் அகப்பட்டுவிடும். உங்கள் நோட்டின் ஒரே ஒரு வரியையும், இரண்டு பதிப்பின் விடையையும் வைத்துப் பத்து வரிக்குள் ஒரு சின்ன நிரல் எழுதி அனுப்பினால் பராமரிப்பவர் கண்டிப்பாகப் படிப்பார். சம்பளக் கோப்பை அப்படியே அனுப்பினால் படிக்கமாட்டார், அனுப்பவும் கூடாது.

படி 8: ஒரு சம்பளம் வரை இரண்டையும் ஓட்டுங்கள்

எல்லாம் பச்சையான பிறகும் பழைய சூழலை அழிக்காதீர்கள். ஒரு முழுச் சம்பளச் சுற்றுக்கு இரண்டும் ஓடட்டும். பணம் கொடுப்பது ஒன்றின் கணக்கில், மற்றது பக்கத்தில் சும்மா கணக்குப் போடும். ராத்திரி இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்ட வரிகளை மட்டும் உங்கள் கைப்பேசிக்கு அனுப்பும்படி வைத்துவிடுங்கள். வேறுபாட்டை மொத்தத்தில் தேடாமல் ஆள்வாரியாகத் தேடுங்கள். ஒரு சிலருக்கு மட்டும் குறைந்தது மொத்தத்தில் மறைந்துவிடும், என் கணக்கில் நடந்தது போல.

அந்த அக்காவுக்குப் பாக்கிக் கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்த பிறகு, அவருடைய நோட்டின் இரண்டு பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். "எதுக்கு?" என்றார். டெஸ்டுக்கு என்று சொல்லத் தெரியவில்லை, கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கொடுக்க என்றேன். அதில் இருந்த நாற்பத்தெட்டு எடைகளும் இன்றைக்கும் என் டெஸ்ட் கோப்பின் முதல் நாற்பத்தெட்டு வரிகள். 12.5 அதில் ஆறு முறை வருகிறது.